கப்பல் எப்படி என்று கேட்ட எல்லோருக்கும்



போன ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய் வந்த செய்தி ஜமாலியாவிலிருந்து கிண்ணியா வரை பரவிவிட்டது. பள்ளிவாசல் வாசலில், மீன் சந்தையில், பாடசாலை ஆசிரியர் அறையில், எங்கே கண்டாலும் ஒரே கேள்வி: "கப்பல் எப்படி?" ஒவ்வொருவருக்கும் நின்ற நிலையில் பதில் சொல்லி முடியவில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் அடுத்த வருடம் போவதற்கு இப்போதே சீட்டுக் கட்டத் தொடங்கிவிட்டதாகவும் கேள்வி. ஆகவே உள்ளதை உள்ளபடி ஒரே இடத்தில் எழுதிவிடுகிறோம். நீளமான பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சுருக்கம். கப்பல் பெரியது, சுத்தமானது. வேலை செய்பவர்கள் பண்பானவர்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகமும் சறுக்கும் நன்றாகப் பிடித்தன. ஆனால் நாங்கள் இரண்டு காரியத்துக்காகப் போனோம். குடும்பமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் ஒன்றாக இருப்பது ஒன்று, புது ஊர்களைப் பார்ப்பது மற்றது. நாலு நாளும் கடல் மேல் இருந்தும் கடலை நாங்கள் கண்டது கொஞ்சம். ஊரைக் கண்டது அதைவிடக் கொஞ்சம்.

கம்பனியின் பெயரையும் கப்பலின் பெயரையும் எழுதவில்லை. அதைக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். இது ஒரு கம்பனியின் குறை அல்ல. இந்த வியாபாரம் நடக்கும் விதமே இதுதான் என்று அங்கு போன பிறகு விளங்கியது.

இந்த ஆசை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 5 ஆம் திகதி சென்னையில் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலைக் கொடியசைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். நம்மூருக்கு அது வந்தபோது உட்துறைமுக வீதியில் நின்று நாங்களும் பிள்ளைகளோடு பார்த்தோம். நேவிக் கப்பலும் கோதுமைக் கப்பலும் சீமெந்துக்குக் கிளிங்கர் ஏற்றிவரும் கப்பலும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஒரு பட்டணமே மிதந்து வந்த மாதிரி இருந்தது. மகள் எங்கள் கையைப் பிடித்து இழுத்து, "நாமளும் ஒரு நாளைக்கு இப்பிடிக் கப்பல்ல போவமா?" என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்றோம்.

அன்றிரவு அந்தக் கப்பலின் சரித்திரத்தைத் தேடிப் பார்த்தோம். ஆசிரியப் புத்தி அப்படி. 1990 இல் பிரான்சில் செயின்ட் நசேர் என்ற இடத்தில் கட்டப்பட்டது. முதல் பெயர் 'நோர்டிக் எம்பிரஸ்'. அமெரிக்காவின் மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நாலு நாள் பயணம் போவதுதான் அதன் தொழில். உலகத்தில் உல்லாசக் கப்பல்கள் மிக அதிகமாக ஓடும் கடல் கரீபியன் கடல்தான். பிறகு பெயர் மாறி, கை மாறி, 2017 இலிருந்து கியூபாவுக்கும் போய் வந்தது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு உல்லாசக் கப்பல்கள் கியூபாவுக்குப் போவதைத் தடுத்தது. அடுத்த வருடம் கொரோனா. அதன் பிறகுதான் விற்கப்பட்டு இந்தியப் பக்கம் வந்தது. கரீபியன் கடலில் இளமையைக் கழித்த கப்பல் வயதான காலத்தில் நம்முடைய துறைமுகத்துக்கு வந்திருந்தது.

நாங்கள் போனது அந்தக் கப்பல் அல்ல. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் வேறொன்று. இரண்டு வருடம் சீட்டுக் கட்டினோம். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிய கதை எல்லோருக்கும் தெரியும். கப்பல் டிக்கெட் டொலரில்தான். ஆசிரியச் சம்பளத்தில் அது என்ன பாடு என்று விளக்கத் தேவையில்லை. நாங்கள் இருவர், மகன், மகள், உம்மா என ஐந்து பேர். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். நாலு இரவு.

கப்பலில் ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. யாரும் தப்ப முடியாது. ஒவ்வொருவருக்கும் ஆபத்து நேரத்தில் ஒன்றுகூடும் இடம் எது, அங்கே போகும் வழி எது, உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்து, வந்தவரின் அட்டையை இயந்திரத்தில் காட்டிக் கணக்கெடுத்தார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் 'கொஸ்டா கொன்கோர்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதில் அன்றுதான் ஏறியிருந்த பல நூறு பேருக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சர்வதேச விதியையே மாற்றினார்கள். இப்போது கப்பல் புறப்படுவதற்கு முன்னரோ, புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும்.

பயிற்சி முடிந்து திரும்பும்போது மகன் மெல்லக் கேட்டான்: "குறிஞ்சாக்கேணியில இப்பிடி ஒண்டு இருந்ததா?"

கிண்ணியாவில் இருப்பவர்களுக்கு அந்த நாளை நினைவுபடுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறோம். 2021 நவம்பர் 23 காலை. புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் குறிஞ்சாக்கேணி மக்கள் ஒரு மிதவைப் பாதையில்தான் களப்பைக் கடந்தார்கள். பாடசாலைக்குப் போன பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. வெள்ளைச் சீருடையோடு போன பிள்ளைகள் ஜனாஸாவாக வீடு திரும்பினார்கள். அன்று இந்த மாவட்டத்தில் வகுப்பறைக்குப் போன எந்த ஆசிரியருக்கும் வரவு இடாப்பைத் திறக்கக் கை வரவில்லை.

உல்லாசத்துக்குக் கடலில் போகிறவனுக்கு உலகம் இவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. படிப்பதற்குத் தண்ணீரைக் கடக்கிற பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? மகனுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தது அறை. ஜன்னல் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் விலையில் பெரிய வித்தியாசம். எங்களுக்குக் கட்டுப்படியானது உள்பக்க அறை. எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தின் களஞ்சிய அறை அளவு. இரண்டு அறைகள் எடுத்தோம். ஒன்றில் நாங்கள் இருவரும் மகனும், மற்றதில் உம்மாவும் மகளும். விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றுதான். சுவரில் ஒரு டீவி. அதில் ஒரு அலைவரிசையில் கப்பலின் முன்பக்கக் கெமரா காட்டும் கடலை நாள் முழுக்கப் போடுகிறார்கள்.

உம்மா மூதூரில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணம் முடித்துத்தான் திருமலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் தாய் வீட்டுக்குப் போவதென்றால் மூதூர் லோஞ்ச். தரை வழியால் போனால் கிண்ணியாவில் பாதை, உப்பாற்றில் பாதை, கங்கையில் பாதை என்று நாளே போய்விடும். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தார்கள். லோஞ்ச்சில் கொட்டியாரக்குடாவின் உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்க, பக்கத்தில் தயிர்ச் சட்டியோடு இருக்கும் பெண்ணிடம் குடும்பக் கதை முழுக்கக் கேட்டுக்கொண்டு போனவர் அவர். அப்படிப்பட்டவர் கட்டிலில் உட்கார்ந்து டீவியில் கடலைப் பார்த்தார். இரண்டாம் நாள் காலை பேத்தியிடம் சொன்னார்: "கடலுக்குப் போறமெண்டு கூட்டி வந்து கடலைப் படத்தில காட்டுறாங்கம்மா."

மேல் தளத்தில் கடலைப் பார்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் அந்தத் தளத்தின் நடுவில் தடாகம், பெரிய திரை, காது கிழியும் பாட்டு. கதிரைகள் எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி. கடலைப் பார்க்க விரும்புகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அறுபத்தெட்டு வயது உம்மாவால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

இனிக் காசு. போக நினைப்பவர்கள் இந்தப் பந்தியைக் கவனமாக வாசியுங்கள். டிக்கெட் விலை என்பது வாசற்காசு மாத்திரம்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் சேவைக் கட்டணம் தனி. தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் வருமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். இணையம் தனி. தண்ணீரையும் தேநீரையும் தவிர்த்து அநேகமான பானங்கள் தனி. ஏறும்போது எடுத்த போட்டோவை வாங்குவதென்றால் தனி. கப்பலுக்குள் கையில் காசு புழங்காது. எல்லாம் ஒரு அட்டையில் ஏறும். கடைசி இரவில்தான் கணக்கு முழுக்கக் கண்ணில் படும். உல்லாசக் கப்பல் கம்பனிகள் டிக்கெட்டால் மட்டும் உழைப்பதில்லை. மதுபானம், கசினோ, கடை, இணையம், கரைச் சுற்றுலா, இவற்றிலிருந்து வருவது அவர்கள் வருமானத்தில் பெரிய பங்கு. டிக்கெட் மலிவாகத் தெரிவதன் இரகசியம் இதுதான்.

குடிக்காத, சூதாடாத ஒரு குடும்பத்துக்கு அந்தக் கப்பலில் பாதி மூடிய கதவு. ஹலால் சாப்பாடு இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் குறுக்கு வழி கசினோவுக்குள்ளால். கப்பல் கரையைவிட்டுத் தூரம் போனதும் அது திறந்துவிடும். மகளின் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று தரம் அதைக் கடந்தோம். பிறகு மூன்று மாடி ஏறி இறங்கிச் சுற்றிப் போகும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தோம். உம்மாவின் முழங்கால்தான் பாவம்.

தொழுகை பற்றிப் பலர் கேட்டீர்கள். பிரயாணிக்குரிய கஸ்ர், ஜம்உ சலுகை இருப்பதால் நேரம் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் கிப்லா. இரும்புக் கப்பலுக்குள் போனில் உள்ள திசைகாட்டியை நம்ப முடியாது, அது ஆடிக்கொண்டே இருக்கும். டீவியில் கப்பல் போகும் வரைபடம் காட்டுவார்கள். அதைப் பார்த்து, எங்கள் அறை கப்பலின் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுத் திசை பிடித்தோம். முதல் நாள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் தொழ முடிந்தது.

இரண்டாம் நாள் அறைக்கு வந்தபோது நாற்காலியும் சிறு மேசையும் ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டு, எங்கள் முஸல்லா மடித்து வைக்கப்பட்டிருந்தது. அறையைச் சுத்தம் செய்யும் தம்பியின் வேலை அது. மறுநாள் கண்டபோது தாழ்ந்த குரலில் ஸலாம் சொன்னார். இந்தோனேசியாவின் சுரபாயாக்காரர். ஒன்பது மாத ஒப்பந்தம். கப்பலில் இருக்கும்போதே மகள் பிறந்திருக்கிறாள். இன்னும் கையில் எடுத்ததில்லை, போனில்தான் பார்த்திருக்கிறார். உம்மா தமிழில் கேட்க, அவர் தன் மொழியில் சொல்ல, நடுவில் எங்கள் ஆங்கிலம். உம்மா பெட்டிக்குள் தேடி ஒரு பக்கெற் தொதலை எடுத்து அவர் கையில் வைத்தார். அந்தத் தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கினார். நாலு நாளில் அந்தக் கப்பலுக்குள் நாங்கள் பெயர் கேட்டுப் பழகிய ஒரே மனிதர் அவர்தான். கடலில் வேலை செய்பவர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை வாரத்துக்கு 72 மணித்தியாலம் வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது. நாங்கள் களைப்பாறப் போன கப்பலை அவரைப் போன்றவர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பினாங்கில் கப்பல் பிற்பகல் கட்டியது. ஆறு மணித்தியாலம்தான் நேரம். கப்பலில் விற்ற சுற்றுலாப் பொதியை நாங்கள் வாங்கவில்லை. ஐந்து பேருக்கு அது தாங்காது. சுவெட்டன்ஹம் இறங்குதுறையிலிருந்து உம்மாவின் நடைக்கு ஏற்ப மெல்ல மெல்ல நடந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போனோம். 1801 இல் நம்மைப் போலத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளி அது. பக்கத்துத் தெருவின் பெயர் இன்றும் சூலியா தெரு.

அஸர் தொழுதுவிட்டு வாசலில் செருப்புப் போடும்போது ஒரு பெரியவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு நீங்க?" என்றார். திருகோணமலை என்றோம். "அது கடல் ஊராச்சே" என்றார். அவருடைய வாப்பாவின் ஊர் கடையநல்லூராம். அவர் பிறந்தது பினாங்கில். எங்களை விடவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். நாசி கண்டார் என்று அங்கே பெயர் பெற்ற சோறு. சோற்றின் மேல் நாலு விதக் குழம்பைக் கலந்து ஊற்றுகிறார்கள். நாலு நாளில் உம்மா வயிறாரச் சாப்பிட்டது அந்த ஒரு நேரம்தான். காசு கொடுக்கப் போனால் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். உம்மாவும் அவரும் யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கில் இறங்கிவிட்டார்கள். மூதூர் லோஞ்ச் திரும்ப வந்தது போல இருந்தது.

"இங்கின ஒரு ராவைக்குத் தங்கேலாதா?" என்று உம்மா கேட்டார். ஏலாது. கப்பல் காத்திருக்காது. பிந்தி வருகிறவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேருவது அவரவர் செலவு. பெரியவரிடம் துஆ கேட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம்.

புக்கெட்டை நாங்கள் காணவே இல்லை. பெரிய கப்பல்கள் பட்டோங் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சின்னப் படகுகளில்தான் ஆட்களை இறக்கும். ஓகஸ்ட் என்பது அந்தப் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்றுக் காலம். அலை கூடுதலாக இருப்பதால் இறக்க முடியாது என்று கப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, அதில் கோபம் இல்லை. ஆனால் இரண்டு ஊர் என்று சொல்லி விற்ற பயணத்தில் ஒன்று இல்லாமற் போனது. திரும்பக் கிடைத்தது துறைமுக வரி மட்டும். போகிற பாதையையும் நிற்கிற துறைமுகத்தையும் மாற்றும் உரிமை கம்பனிக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஓகஸ்ட்டில் போக நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் முழுக்கக் கடலில். மகன் தடாகத்தில், மகள் சறுக்கில், உம்மா டீவிக் கடலின் முன்னால், நாங்கள் இருவரும் வரிசைகளில். வீட்டில் மின்சாரம் போன இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்துக் கதைத்த அளவுகூட அன்று ஐந்து பேரும் சேர்ந்து கதைக்கவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து எங்கள் மனதில் ஓடுவது நம்முடைய ஊர். நாங்கள் ஆறு மணித்தியாலம் ஒரு ஊரில் விருந்தாளியாக நின்றோம். நம்மூருக்குக் கப்பலில் வருகிறவர்களும் அப்படித்தான் சில மணித்தியாலம் நிற்கிறார்கள். அவர்கள் எதைக் கண்டு போகிறார்கள்? நமக்கு எதை விட்டுப் போகிறார்கள்?

கரீபியன் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறோம். ஹெயிட்டி நாட்டில் லபாடி என்று ஒரு கடற்கரை. ஒரு பெரிய கப்பல் கம்பனி அதைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றி வேலியும் காவலும் போட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான பயணிகள் அங்கே இறங்கிக் குளித்து, சாப்பிட்டு, வேலிக்கு வெளியே உள்ள நாட்டைக் காணாமலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். 2010 ஜனவரி 12 ஆம் திகதி பூகம்பம் ஹெயிட்டியின் தலைநகரை இடித்துத் தள்ளியது. சில நாட்களுக்குள் அந்தக் கடற்கரைக்கு உல்லாசக் கப்பல் வந்தது. நிவாரணப் பொருளும் கொண்டுதான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். உள்ளூர் ஆட்களுக்கு அதில் வேலையும் இருந்தது. ஆனாலும் வேலிக்கு உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் நடுவில் இருந்த தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

எல்லா ஊரும் கப்பல் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. இத்தாலியின் வெனிஸில் ஊரவர்கள் வருடக் கணக்காகப் போராடினார்கள். 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதியிலிருந்து பெரிய கப்பல்கள் நகரின் நடுக் கால்வாய்க்குள் வர முடியாது. ஊருக்கு ஒரு சொல் இருந்தால் கப்பலும் கேட்கத்தான் வேண்டும்.

நம்முடைய கொட்டியாரக்குடாவுக்கும் ஒரு விருந்தாளிக் கதை உண்டு. 1660 இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் திருத்த வேலைக்காக இங்கே வந்தது. கரையில் இறங்கிய கப்டனையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தப்பியது 1679 இல். பத்தொன்பது வருடம் இருந்ததால்தான் 1681 இல் இலங்கையைப் பற்றி அவரால் ஒரு புத்தகமே எழுத முடிந்தது. விருந்தாளிகளைப் பத்தொன்பது வருடம் பிடித்து வைக்கச் சொல்லவில்லை! ஆனால் சில மணித்தியாலத்தில் ஒரு மனிதரையாவது அறிந்துவிட்டுப் போகும்படி நாம் செய்யலாம். பினாங்கில் அந்தப் பெரியவர் எங்களுக்குச் செய்தது அதைத்தான். அவர் எந்த அமைச்சும் அல்ல, எந்தக் கம்பனியும் அல்ல.

2023 இல் உட்துறைமுக வீதியில் நின்றபோது பஸ்கள் எங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்தோம். ஓட்டோக்காரத் தம்பிமார் வெயிலில் காத்துக்கொண்டு நின்றார்கள். கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்றுவிட்டால் கரையில் நிற்பவனுக்கு என்ன மிஞ்சும் என்பதை அன்று நாங்கள் யோசிக்கவில்லை. பயணியாகப் போய் நின்ற பிறகு விளங்குகிறது. எங்களைப் போலப் பொதி வாங்க வசதியில்லாத, நடந்து பார்க்க விரும்புகிற பயணிகள் ஒவ்வொரு கப்பலிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது?

அதனால் ஊரவர் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். பெரிய காசு தேவையில்லாதவை.

ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் நடந்து பார்க்கக்கூடிய ஒரு வழியை நாமே வரைவோம். கோட்டை வாசலில் திரியும் மான்கள், கோணேசர் மலை, ஒல்லாந்தர் குடா, மீன் சந்தை, பள்ளிவாசல், தேவாலயம், விகாரை. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளில் ஆங்கிலம் பேச ஆசைப்படுகிற பத்துப் பேரைப் பழக்கினால் போதும். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இதில் எங்கள் பங்குக்கு நாங்கள் தயார்.

இரண்டு, கன்னியாவுக்கு எவ்வளவு, நிலாவெளிக்கு எவ்வளவு என்று ஓட்டோக் கட்டணத்தை மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிடுவோம். பேரம் பேசிக் களைத்த விருந்தாளி திரும்ப வரமாட்டார். குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை, தொழ விரும்புகிறவருக்கு வழி காட்டும் ஒரு பலகை, வீட்டில் செய்த பண்டம் விற்க நம் பெண்களுக்கு நாலு மேசை. இவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். புறாமலைக்கும் திமிங்கிலம் பார்க்கவும் போகிற படகுகளில் சுற்றுலாப் பயணிக்கு உயிர்காப்பு அங்கி கேட்கிறோம். அதே அங்கி இந்த மாவட்டத்தில் களப்பையும் ஆற்றையும் கடந்து பாடசாலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். எந்த இறங்குதுறையில் எத்தனை பிள்ளைகள் தண்ணீரைக் கடக்கிறார்கள் என்று முதலில் ஒரு கணக்கு எடுப்போம். அந்தந்தப் பகுதி ஆசிரியர்கள் தங்கள் பாடசாலைத் தொகையை எங்களுக்கு அனுப்பினால் சேர்த்து எழுதி, உரிய இடத்தில் எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுப்போம். வேலை தொடங்கிவிட்டது. நாலு பாடசாலையின் கணக்கு வந்துவிட்டது.

சீட்டுக் கட்டும் குடும்பங்களுக்கு ஒரு சொல். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், அது உங்கள் உழைப்பு. போவதானால் ஜன்னல் உள்ள அறை எடுங்கள், பருவக்காற்றுக் காலத்தைத் தவிருங்கள், டிக்கெட் விலைக்கு மேல் இன்னொரு பங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள், வயதானவர்களின் நடையை யோசியுங்கள். அதே காசில் விமானத்தில் போய் பினாங்கில் நாலு நாள் தங்கி வரலாம் என்பதையும் கணக்குப் பாருங்கள். உம்மாவைக் கேட்டால் அவர் அதைத்தான் சொல்வார்.

போன கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போனோம். இப்போது பஸ்ஸில் பாலங்களைத் தாண்டி ஒரே ஓட்டம். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியதும் அவர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து முகத்தை வெளியே நீட்டினார். பக்கத்து ஆசனத்தில் இருந்த பெண்ணிடம் உடனே கேட்டார்: "நீங்க எந்தப் பக்கம் மகள்?" மூதூர் வந்து இறங்கும்வரை அந்தக் கதை முடியவில்லை.

அல்லாஹ் நம் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. தண்ணீரில் போய்த் திரும்பி வராத நம் பிள்ளைகளுக்கு மேலான சுவர்க்கத்தைக் கொடுப்பானாக. ஆமீன்.